டிஜே கேட்ட கேள்வியும் என் கையில் நின்ற தேங்காயும்

எங்கள் வட்டாரத்தில் பூமிக்கு அதிகமாகத் துளை போட்டவன் யார் என்று கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. கடப்பாறையும் கூடையுமாகக் கிணறு வெட்டும் கூலியாளாக இறங்கினேன். இன்று இரண்டு போர்வெல் வண்டிகள் என் பெயரைச் சுமந்துகொண்டு திருத்தணியைச் சுற்றி ஓடுகின்றன. கனகம்மாசத்திரம் ரோட்டில் போகிறவன் ஏதாவது ஒரு வயலில் வெள்ளைப் புழுதி எழும்புவதைப் பார்த்தால் அது என் வண்டியாகத்தான் இருக்கும். இல்லையென்றால் அந்த வயல்காரன் விவரம் போதாதவன்.

தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதும் நானேதான். உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு வயலில் நடப்பேன். கீழே நீரோட்டம் இருந்தால் தேங்காய் தானாக எழுந்து குடுமியோடு நிற்கும். நின்ற இடத்தில் ஒரு கல்லை வைப்பேன். அதுதான் பாயிண்ட். படித்தவர்கள் பக்கத்தில் நின்று சிரிப்பார்கள். தண்ணீர் பீய்ச்சி அடித்ததும் அவர்கள்தான் முதலில் செல்போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள்.

ஆகவே சத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. முப்பது வருஷம் போர் வண்டியின் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் நின்றவன் நான். என் மனைவி கூப்பிடுவது காதில் விழாததற்குக் காரணம் அந்தக் கம்ப்ரசர்தான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவள்தான் டாக்டரை நம்பவில்லை.

இப்படிப்பட்டவனிடம் என் கடைசி மகள் வந்து நின்றாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு நகரி பக்கம், தெலுங்குக்காரர்கள். முதல் நாள் சாயங்காலம் கீழே மண்டபத்தில் ரிசப்ஷன், மறுநாள் காலையில் மலைமேல் கோயிலில் முகூர்த்தம்.

"நைனா, நகை உன் இஷ்டம், சாப்பாடு உன் இஷ்டம், புடவைகூட அம்மா இஷ்டம். எனக்கு ஒண்ணே ஒண்ணு. ரிசப்ஷனுக்கு நல்ல டிஜே வேணும்."

"அவன் இன்னா பண்ணுவான்?"

"பாட்டு போடுவாரு."

"பாட்டு போட ஒரு ஆளா? அப்போ ஃபேன் போட ஒரு ஆளு, அத நிறுத்த ஒரு ஆளுன்னு சேத்து சொல்லிடும்மா. ஒரே வண்டில வந்துடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை. சென்னையில் வேலைக்குப் போனதிலிருந்து என் நகைச்சுவை அவளுக்குப் பிடிபடுவதில்லை.

சரி, பெண் ஆசைப்பட்டுவிட்டாள் என்று நானே ஒருவனைப் பிடித்தேன். நம் ஊர் ஆள்தான். மினி லாரியில் இருபத்துநான்கு பாக்ஸை வீடு மாதிரி அடுக்கி, மேலே சுழல் விளக்கு வைத்திருந்தான். போர் போட்டதும் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று ஓட்டிப் பார்த்த பிறகுதான் யாரும் காசு கொடுப்பார்கள். அந்த முறைப்படி, என் வீட்டு வாசலிலேயே ஓட்டிக் காட்டச் சொன்னேன். ஓட்டினான். எதிர்வீட்டுத் தகரக் கூரையில் இரண்டு ஆணி கழன்றது. பக்கத்து வீட்டு எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஆந்திரா பக்கம் போய்விட்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதுதான் டிஜே என்றேன்.

மகள் காதிலிருந்து விரலை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நைனா, இது புள்ளையார கரைக்கறதுக்கு. எனக்குக் கல்யாணம்."

அவள் பார்த்து வைத்திருந்த டிஜே அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வந்தார். தொழில்முறை டிஜேவாம். நான் பச்சை முடியும் காதில் வளையமுமாக ஒருவனை எதிர்பார்த்து அதற்கேற்ற நாலு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன். வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி. பார்ப்பதற்குப் பல் டாக்டர் மாதிரி இருந்தார். கையில் ஒரு பையும் ஒரு நோட்டும்தான். தயாராக வைத்திருந்த வார்த்தைகள் அத்தனையும் வீண்.

"பொட்டிங்க எங்க?" என்றேன்.

"அது அன்னைக்கு வரும் சார். இன்னைக்குக் கேள்வி மட்டும்தான்."

பாட்டு போடுகிறவன் கேள்வி கேட்கிறான். கேட்டுக்கொண்டேன்.

"வர்றவங்கள்ல வயசானவங்க எவ்ளோ பேர் இருப்பாங்க சார்?"

"எங்க வீட்ல யாருக்கும் வயசாவல."

அதையும் எழுதிக்கொண்டார். "ரெண்டு பக்கமும் என்ன பாஷை?"

"அவங்க தெலுங்கு, நாங்க தமிழு. கோவம் வந்தா நாங்களும் தெலுங்கு."

"பந்தி எத்தனை மணிக்கு? சாப்பிடும்போது சவுண்டக் குறைச்சிடுவேன்."

"அப்போ கூலியும் குறைச்சிக்கோ. மொத்தம் எத்தன பாக்ஸு?"

"ஆறு."

"ஆறா? நம்ம ஊரு ஆளு இருபத்தி நாலு வெச்சிகினு கீறான்."

"அது ரோட்டுக்கு சார். இது ஹால். காலையிலயே போய் நீள அகலம் அளந்துட்டு வந்தேன்."

என்னைக் கேட்காமல் அளந்திருக்கிறார். நான் பாயிண்ட் பார்க்கப் போனால் வயல்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குவேன். படித்த தொழில் என்றால் அதெல்லாம் வேண்டாம்போல.

"கடைசிக் கேள்வி சார்" என்று கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "உங்க குடும்பத்துல யார் யார்கூடப் பேசறதில்ல?"

"அது எதுக்கு உனக்கு?" என்றேன்.

"மைக்ல ரெண்டு பேரைச் சேர்ந்து ஆடக் கூப்பிடுவேன். அப்புறம் சேர் பறக்கும். ரெண்டு கல்யாணத்துல பாத்துட்டேன்."

"எங்க குடும்பத்துல எல்லாரும் எல்லார்கூடவும் பேசுவாங்க. நல்லா எழுதிக்கோ."

சமையலறையிலிருந்து என் மனைவி இருமினாள். அவளுக்குச் சளி எதுவும் கிடையாது. மகள் டிஜேவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். நோட்டில் இரண்டே வார்த்தை எழுதினாள். நைனா, மாமா.

மாமா என்றால் என் மனைவியின் தம்பி. என் மகளுக்கு ஒரே தாய்மாமன். திருவாலங்காட்டுப் பக்கம் கரும்பு வைத்திருக்கிறான். பிறந்த குழந்தைக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவன், பெரியவளானபோது பச்சை ஓலையில் குச்சு கட்டியவன். எங்கள் பக்கம் தாய்மாமன் கை பிடித்து அழைத்து வந்தால்தான் கல்யாணப் பெண் மேடை ஏறலாம். மற்ற சொந்தம் வரலாம், வராமல் போகலாம், வந்து சாப்பாடு சரியில்லை என்றும் சொல்லலாம். தாய்மாமன் வராத கல்யாணத்தை ஊர் வேறு மாதிரி பேசும்.

அவனும் நானும் மூன்று வருஷமாகப் பேசவில்லை. காரணம் என்ன என்று கேட்டால் அவன் ஒன்று சொல்வான். நான் நடந்ததைச் சொல்கிறேன். அவன் வயலில் போர் போட நான்தான் பாயிண்ட் பார்த்தேன். தேங்காய் நின்றது, சிப்பாய் மாதிரி நின்றது. என் வண்டியையே விட்டேன். புழுதி வந்தது. இன்னும் இறக்கச் சொன்னேன். இன்னும் நல்ல புழுதி வந்தது. பக்கத்தில் இன்னொரு பாயிண்ட் பார்த்தேன், அங்கேயும் தேங்காய் நின்றது, அங்கேயும் புழுதி. பூமி அன்றைக்குச் சரியில்லை. பிறகு அவன் என்னிடம் சொல்லாமல், கம்பியும் மீட்டரும் வைத்திருந்த ஒரு படித்த பையனைக் கூட்டி வந்திருக்கிறான். முப்பது அடி தள்ளிப் போட்டதில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததோடு விட்டானா? டீக்கடையில், பத்து பேர் முன்னால், அக்கா புருஷன் என்றும் பார்க்காமல், "பாவா கையில தேங்கா நின்னுச்சி, தண்ணிதான் ஒக்காந்துக்கிச்சி" என்றான். சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்காரர்கள் அந்தப் பேச்சைக் கரும்போடு ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். பொதட்டூர்பேட்டையில் லுங்கி எடுக்கப் போன இடத்தில் கடைக்காரரே என்னைப் பார்த்து, "நீங்கதானா அது?" என்றார்.

தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போய் வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்து அழைக்க வேண்டும். என் மனைவி தனியாகப் போய் வந்தாள். எனக்கு அன்றைக்கு மிக முக்கியமான வேலை இருந்தது. என்ன வேலை என்று இப்போது ஞாபகம் இல்லை.

"இன்னா சொன்னான் உன் தம்பி?"

"சீர் தட்டு எடுத்துகினு மண்டபத்து கேட்டு வரைக்கும் வருவானாம். பாவா வந்து கூப்டா உள்ள வருவானாம். இல்லன்னா கேட்லயே குடுத்துட்டு போய்டுவானாம்."

"போட்டும். தட்ட வாங்கறதுக்கு வாட்ச்மேன் கீறான்."

அன்று சாம்பாரில் உப்பு இல்லை. மறுநாளும் இல்லை.

டிஜே ஒரு தாளை விட்டுவிட்டுப் போயிருந்தார். யார் யாரைப் பெயர் சொல்லி வரவேற்க வேண்டும் என்று எழுதித் தர வேண்டுமாம். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். என் கையால் தண்ணீர் கண்டவர்களை மட்டும் சொன்னேன். நாலு பக்கம் வந்தது. அவள் செல்போனில் அனுப்பியதை டிஜே பார்த்து, "இவங்க எல்லாரையும் கூப்பிட்டா முகூர்த்தம் தாண்டிடும் சார்" என்று ஆறு பேரை விட்டுவிட்டு மீதியை அடித்துவிட்டார். கடைசி வரியில் "மணப்பெண்ணைக் கைபிடித்து அழைத்து வருபவர்" என்று இருந்தது. அதை மகள் நிரப்பவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் அவர் போன் செய்தார். "சார், பொண்ணு என்ட்ரி இன்னும் காலியா இருக்கு."

"நீ பாட்ட போடு. யாரு கையப் புடிச்சா உனக்கின்னா?"

"ஆள் யாருன்னு தெரிஞ்சாத்தான் பாட்டு எடுக்க முடியும். உங்க பொண்ணு மாமாகூடத்தான் வருவேன்னு சொல்றாங்க. அவர் வரலைன்னா என்ட்ரியே வேணாம், முன்னாடியே போய் மேடையில உக்காந்துக்கறேன்னு சொல்லிட்டாங்க."

அதை மகள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. எங்கிருந்தோ வந்த ஒரு பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறாள். நகை உன் இஷ்டம், புடவை அம்மா இஷ்டம் என்று பாட்டை மட்டும் கேட்ட பெண், அந்தப் பாட்டோடு மேடை ஏறுவதையே விட்டுவிடப் பார்க்கிறாள். எனக்கு உடனே ஒரு நல்ல யோசனை வந்தது.

"நீதான் தொழில் தெரிஞ்ச ஆளாச்சே. திருவாலங்காடு போயி என் மச்சான நீயே இட்டுகினு வந்துடு. வண்டிச் செலவு நான் குடுத்துடறேன்."

"சார், நான் பாட்டைத்தான் கலப்பேன். மனுஷங்களை நீங்கதான் கலக்கணும்" என்று வைத்துவிட்டார். இந்தப் பேச்சுக்குத்தான் இத்தனை கூலிபோல.

ரிசப்ஷன் அன்று ஜெனரேட்டர் என்னுடையது. மண்டபத்துக் கரண்டை நம்பி என் மகள் கல்யாணத்தை நடத்த வேண்டிய நிலையில் நான் இல்லை. போர் வேலைக்கு வைத்திருந்த பெரிய ஜெனரேட்டரையே கொண்டுவந்து வாசலில் ஊர் பார்க்க நிறுத்தினேன். டிஜே வந்து, அது போடும் சத்தத்தில் தன் ஆறு பாக்ஸும் அழுதுவிடும் என்று மண்டபத்துக்குப் பின்னால் தள்ளி வைக்கச் சொன்னார். என் ஜெனரேட்டரைப் பார்த்து இப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

ஆறரை மணிக்குக் கூட்டம் நிறைந்துவிட்டது. டிஜே காதில் அந்தக் கறுப்பு மூடியைப் போட்டுக்கொண்டு தன் மேஜைக்குப் பின்னால் நின்றார். ஒரு தமிழ்ப்பாட்டு, ஒரு தெலுங்குப் பாட்டு. ஒன்று எங்கே முடிந்தது, இன்னொன்று எங்கே ஆரம்பித்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நகரிக்காரர்கள் தமிழ்ப்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள், எங்கள் ஆட்கள் தெலுங்குக்கு. யாரும் காதைப் பொத்தவில்லை. பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்டது. எனக்கே கேட்டது. இதில் ஏதோ குறை இருக்கிறது என்று தோன்றினாலும் என்ன குறை என்று சொல்லத் தெரியவில்லை.

மாப்பிள்ளை மேடைக்கு வந்துவிட்டார். சம்பந்தி என் தோளைத் தட்டி, "பாட்டு பாகுந்தி. பொண்ணு எக்கட?" என்றார். பாட்டு அருமை, பெண்தான் எங்கே?

பெண் பக்கத்து அறையில் பட்டுப்புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். "இன்னாம்மா, மேடைக்குப் போலாமா?"

"கேட்டாண்ட மாமா வேன் நிக்குது நைனா. அரை மணி நேரமா நிக்குது." அழவில்லை. அழுதிருந்தால் திட்டியிருப்பேன், சுலபமாகப் போயிருக்கும். "அஞ்சு நிமிஷம் பாக்கறேன். அப்பால நானே போய் ஒக்காந்துக்கறேன். நீ டென்ஷன் ஆவாத."

நான் வெளியே வந்து டிஜேவிடம் போனேன். "அஞ்சு நிமிஷம். நல்லா குத்துப் பாட்டா ஒண்ணு போடு. ஜனம் அதுல கெடக்கட்டும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு குமிழைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். பாட்டு இறங்கி இறங்கி நின்றுவிட்டது.

இதற்கா இவ்வளவு கூலி கொடுத்து ஆளைப் பிடித்தோம் என்று நினைத்தேன். முந்நூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய கையோடு நின்றார்கள். ஒவ்வொரு தலையாகத் திரும்பி, எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். வாசலுக்கு நேராகக் கேட்டும், கேட்டுக்கு வெளியே வேனும், வேனுக்குப் பக்கத்தில் வெள்ளை வேட்டியில் என் மச்சானும் தெரிந்தார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்துநான்கு பாக்ஸ்காரனைப் பிடித்திருந்தால் இந்த ஆபத்து வந்திருக்காது. அவனுக்கு நிறுத்தத் தெரியாது.

கம்ப்ரசர் நின்றுபோனால் எனக்குக் கை கால் ஓடாது. அன்று கால் தானாக ஓடியது. மண்டபத்தின் நீளத்தை டிஜே அளந்ததாகச் சொன்னாரே, நானும் அன்று அளந்தேன். மிக நீளம்.

கேட்டுக்கு வெளியே அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பின்னால் சீர் தட்டுகள் பதினொன்று, பழம், புடவை, மஞ்சள், தேங்காய். அவன் மனைவி வேனுக்குள்ளிருந்து எங்கள் இரண்டு பேரையும் நாடகம் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"வாடா மச்சான்" என்றேன்.

"இன்னா பாவா, இந்தாண்ட பாயிண்ட் பாக்க வந்தியா?"

"பொண்ணு ஒக்காந்துகினு கீது. உள்ள வா."

"வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு." தட்டிலிருந்து ஒரு தேங்காயை எடுத்து என் உள்ளங்கையில் படுக்க வைத்தான். "இங்க தண்ணி கீதா, இல்லியா? பாத்து சொல்லு."

"டேய், இப்போவா?"

"மூணு வருசமா காத்துகினு கீறேன். ரெண்டு புழுதி போர் போட்டு என் கரும்ப காய வெச்ச. ஒரு வார்த்த சொன்னியா? நான் டீக்கடையில பேசினது தப்புதான், ஒத்துக்கறேன். நீ?"

கையில் தேங்காய். பின்னால் முந்நூறு பேர். அறை வாசலில் புடவை நிறம் தெரிந்தது, மகள் எழுந்து வந்துவிட்டாள். என் வாழ்க்கையில் சொல்லாத ஒரு வாக்கியத்தை நான் சொல்ல வேண்டியிருந்தது. மெதுவாகச் சொல்லலாம் என்று பார்த்தால், காது போனவனுக்கு மெதுவாகப் பேச வராது.

"உன் நெலத்துல நான் பாத்த பாயிண்ட்டு தப்பு."

"எது?"

"ரெண்டும்."

ஊரே கேட்டிருக்கும். மலைமேல் இருப்பவருக்கும் கேட்டிருக்கும். மச்சான் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத அன்னைக்கே சொல்லியிருந்தா நானே வண்டிக்கு டீசல் போட்டிருப்பேன் பாவா" என்றபடி என் கையைப் பிடித்தான். தேங்காய் பிடிக்காத கையை.

நாங்கள் வாசல்படியில் கால் வைத்த அதே நேரத்தில் டிஜே குமிழைத் திருப்பினார். நாதஸ்வரம் கேட்டது, அதற்கடியில் மேளம் நடந்து வந்தது. காலி வரிக்குப் பாட்டு எடுக்க முடியாது என்று சொன்ன மனிதர் எடுத்துத் தயாராக வைத்திருக்கிறார். மச்சான் நேரே போய் மகளின் கையைப் பிடித்தான். அவள் என்னைக் கடந்து போகும்போது, "தேங்க்ஸ் நைனா" என்றாள். என் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மண்டபத்தில் புழுதி அதிகம்.

மறுநாள் காலை அவன்தான் மலைமேலும் அவளை அழைத்து வந்தான். சாயங்காலம் சாம்பாரில் உப்பு வந்துவிட்டது. யார் கேட்டாலும் அந்த டிஜேவைத் தேடிப் பிடித்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மைதான், கூலி கொடுத்தது நான்.

ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் முடியவில்லை. அந்தக் கேட்டருகே, அவன் என் கையைப் பிடித்தபோது, இன்னொரு கையில் தேங்காய் எழுந்து நின்றது. நான் பார்த்தேன். சிப்பாய் மாதிரி நின்றது. அங்கே அருமையான தண்ணீர் இருக்கிறது. மண்டபக்காரரிடம் நாலு தடவை சொல்லிவிட்டேன், அசைகிற மாதிரி இல்லை. போன வாரம் மச்சானைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் அவரிடம் ரொம்ப மரியாதையாகச் சொன்னான்:

"பாவா சொன்னா சரியாத்தாங்க இருக்கும். எதுக்கும் அந்த மீட்டர் பையன் நம்பர் தரேன், எழுதிக்குங்க."